பாலம் தாண்டி மலாக்காவுக்கு: வாசகர் கேள்விகளும் பயணப் பகுதியின் பதில்களும்

டெல்டாவில் சிங்கப்பூர் சொந்தம் இல்லாத தெரு குறைவு. திருச்சியில் ராத்திரி ஏறினால் விடிகாலை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே மலேசியாவின் மலாக்காவையும் இரண்டு நாள் பார்த்துவிட்டு வரலாமா, அதற்குத் தனிக் கார் பேசலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. பெரிய மகள் சிங்கப்பூரில் பொங்கோலில் இருக்கிறாள். அங்கிருந்து ஆறு பேர் மலாக்கா போகிறோம். பஸ் போதும் என்கிறார் மாப்பிள்ளை, கார் பேசலாம் என்கிறாள் மகள். யார் சொல்வதைக் கேட்பது? (கும்பகோணம் வாசகி)

இந்த ஒரு விஷயத்தில் மகள் சொல்வதைக் கேளுங்கள்.

தூரம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து சென்னை போவதைவிடக் குறைவு, சாலையும் முழுக்க அதிவேக நெடுஞ்சாலை. அலுப்பு சாலையில் இல்லை, எல்லையில்தான். பஸ்ஸில் போனால் சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, குடிநுழைவு முடித்து (நம் ஊரில் இமிக்ரேஷன் என்பதை அங்கே தமிழில் இப்படித்தான் எழுதியிருப்பார்கள்) மறுபடி ஏற வேண்டும். இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டியதும் மலேசியப் பக்கத்தில் திரும்ப இறங்க வேண்டும். இந்தத் தடவை பெட்டி, பை அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய் ஸ்கேனரில் வைத்து எடுக்க வேண்டும். நகரும் படி, நீண்ட நடை, நின்றுகொண்டே வரிசை. தாமதமானால் பஸ் உங்களுக்காகக் காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்த வண்டியில் இடம் இருந்தால் ஏறிக்கொள்ளச் சொல்வார்கள். பஸ் கடைசியில் நிற்கும் மலாக்கா சென்ட்ரலும் பழைய நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது.

காரில் போனால் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணாடியை இறக்கி, முகம் காட்டி, பாஸ்போர்ட்டை நீட்டினால் முடிந்தது. முதல் தடவை நுழைகிறவர்களை விரல் ரேகைக்காக இறங்கச் சொல்வதுண்டு, ஆனாலும் அது பத்தடி நடை. சிங்கப்பூர்ப் பக்கத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் காட்ட, குடிநுழைவுத் துறையின் 'மைஐசிஏ' செயலியில் பத்துப் பேர் வரைக்கும் ஒரே கியூஆர் குறியீடு போட்டுக்கொள்ளலாம். அதே பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே ஒருமுறை சிங்கப்பூருக்குள் வந்தவர்களுக்கு இது செல்லும். மகளையே தயார் செய்து வைக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் எப்படியும் கையில் இருக்க வேண்டும், உறையைக் கழற்றி, ஆறையும் ஒரே பையில் வைத்திருங்கள்.

காருக்கும் ஒரு குறை உண்டு. பேரம் பேசும்போது அதை யாரும் சொல்வதில்லை. பஸ்ஸில் போனால் சாவடியில் இறங்கும் இடத்தில் கழிப்பறை இருக்கும். கார் வரிசையில் மாட்டிக்கொண்டால் நடுப்பாலத்தில் இறங்க வழியே கிடையாது, இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் குழந்தைகளும் தவிப்பது இங்கேதான். சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சாவடிக்கு முன்னால் பெட்ரோல் நிலையத்திலோ கடைத்தொகுதியிலோ ஒரு நிறுத்தம் வேண்டும் என்று புக்கிங்கிலேயே எழுதி வாங்குங்கள். பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் என்றால் இரண்டு பிஸ்கெட்டும் தண்ணீரும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல.

ஏழு இருக்கை வண்டியில் டிரைவரோடு சேர்த்து ஏழு பேர் உட்கார்ந்துவிட்டால், கடைசி வரிசைக்குப் பின்னால் மிஞ்சும் இடத்தில் இரண்டு சின்னப் பெட்டி வைக்கலாம், அவ்வளவுதான். இன்னோவாவும் அப்படித்தான், அல்பார்டும் அப்படித்தான். 'ஏழு பேர் வண்டி' என்று பேசிவிட்டு, வந்து நின்ற வண்டியில் பெட்டிகளை ஏற்ற முடியாமல் திணறுவது அடிக்கடி நடக்கிறது. பெரிய பெட்டிகளை மகள் வீட்டில் வைத்துவிட்டு இரண்டு கைப்பெட்டியும் மற்றவர்களுக்குத் தோள்பையும் மட்டும் எடுத்துப் போங்கள். முடியாது என்றால் ஒன்பது, பத்து இருக்கை வேன் கேளுங்கள். மாமியாருக்கு நடு வரிசையில், நகரும் கதவுப் பக்கம் இடம் கொடுங்கள். வேனின் படி உயரம், அதனால் ஒரு சின்ன முக்காலி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நீங்கள் இரண்டே பேர், முதுகுப்பை மட்டும், வார நாளில் பயணம் என்றிருந்தால் மாப்பிள்ளை சொன்னதே சரியாக இருந்திருக்கும்.

தெரிந்தவர் மூலம் ஒருவர் மலேசிய நம்பர் காரில் பாதி விலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். 'கேட்டால் சொந்தக்காரர் என்று சொல்லிவிடுங்கள்' என்கிறார். போகலாமா? (திருவாரூர் வாசகர்)

போக வேண்டாம். அவர் சொல்லிக்கொடுத்த அந்தப் பொய்யே வண்டிக்கு உரிமம் இல்லை என்பதற்குச் சாட்சி.

சிங்கப்பூரில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற, வண்டிக்குப் பொதுச்சேவை வாகன உரிமம் இருக்க வேண்டும். எந்த நாட்டு நம்பராக இருந்தாலும் இதுதான் சட்டம். மீறினால் 3,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, வண்டியும் பறிமுதலாகலாம். 2025 முதல் சாங்கி விமான நிலையத்திலும் சாவடிகளிலும் இதற்கான சோதனை கடுமையாகியிருக்கிறது. தண்டனை ஓட்டியவருக்கு என்றாலும் நடுவழியில் பெட்டிகளோடு நிற்பது நீங்கள்தான். குடிநுழைவு அதிகாரியிடம் பொய் சொன்னால் அந்தக் குற்றம் உங்கள் பெயரில் ஏறும், அடுத்த தடவை பிள்ளையைப் பார்க்க விசா கேட்கும்போது அது வந்து நிற்கும்.

இன்சூரன்ஸ் இதைவிடப் பெரிய சங்கதி. சொந்த உபயோகத்துக்கான காப்பீடு, வாடகைக்கு ஆள் ஏற்றும்போது நடக்கும் விபத்துக்குப் பொறுப்பேற்காது. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் அம்மா, அப்பாவை உட்கார வைக்கிறோம். பாதி விலை மிச்சம் என்பதற்காக அவர்களுக்கான காப்பீட்டை விட்டுக்கொடுக்கலாகாது.

புக்கிங் செய்யும் முன் நாலு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தால்கூடப் போதும். வண்டி எண்ணும் அது எந்த நாட்டுப் பதிவு என்பதும் ஒன்று. அந்த எண்ணுக்கு வாடகைப் பயணிகளை ஏற்றும் உரிமம் இருக்கிறதற்கான நகல் இரண்டாவது. பயணிகளையும் சேர்த்து, இரண்டு நாட்டிலும் செல்லும் காப்பீடு மூன்றாவது. நாலாவது, புறப்படும் இடத்திலிருந்து மலாக்கா ஓட்டல் வாசல் வரை ஒரே வண்டியா, பாலத்துக்கு அந்தப் பக்கத்து மலேசிய ஊரான ஜொகூர் பாருவில் வேறு வண்டிக்கு மாற்றுவார்களா என்பது. மாற்றுவது தப்பில்லை. ஆனால் மழையில், கூட்டத்தில், பெட்டிகளோடு இறங்கி அடுத்த வண்டியைத் தேட வேண்டியிருக்கும், பெரியவர்கள் இருந்தால் ஒரே வண்டிதான் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் பதிவான தனிவாடகைக் கார்களின் முன், பின் கண்ணாடிகளில் அரசு ஒட்டும் வில்லை (ஸ்டிக்கர்) இருக்கும், ஏறும்முன் பாருங்கள். சிங்கப்பூரின் பான் சான் தெருவிலிருந்து கிளம்பும் எல்லை தாண்டும் டாக்சிகள் முறையானவைதான், ஆனால் அவை ஜொகூர் பாரு வரைக்கும்தான் போகும், மலாக்கா வராது.

ஒருவர் 300 வெள்ளி என்கிறார், இன்னொருவர் 700 வெள்ளி என்கிறார். ஏன் இத்தனை வித்தியாசம்? (மன்னார்குடி வாசகர்)

முதலில் எந்த ஊர் வெள்ளி என்று கேளுங்கள். சிங்கப்பூர்த் தமிழர் டாலரை வெள்ளி என்பார்கள், மலேசியத் தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகும். ஆகவே 700 என்றவர் ரிங்கிட்டில் சொல்லியிருந்தால், சிங்கப்பூர்க் கணக்கில் 300 கேட்டவரைவிட மலிவாகத்தான் சொல்லியிருக்கிறார். தொகையோடு நாணயத்தின் பெயரையும் எழுதி வாங்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

அடுத்து, சொன்ன விலையில் என்னென்ன அடக்கம் என்று பாருங்கள். மலேசிய நெடுஞ்சாலைச் சுங்கம், வெளிநாட்டுப் பதிவு வண்டி மலேசியாவுக்குள் நுழையக் கட்டும் 20 ரிங்கிட் சாலை வரி, சிங்கப்பூர்ப் பக்கத்துக் கட்டணம், நடுநிசிக் கூடுதல், இரண்டாவது இடத்தில் ஆள் ஏற்றினால் அதற்கு, சாவடி வரிசையில் தாமதமானால் அதற்கு. கடைசியாகச் சொன்ன இதில்தான் தகராறு வரும். நெரிசல் நேரத்துக்குத் தனிக் காசு கிடையாது என்று சொல்லும் வண்டியையே எடுங்கள், அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

வண்டியையும் டிரைவரையும் இரண்டு நாளும் மலாக்காவிலேயே நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் வீண்செலவு. பழைய நகரம் நடந்து பார்க்கிற அளவுதான். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு தனி புக்கிங் போதும்.

சிங்கப்பூர் விசா எடுத்தாயிற்று. மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்கிறார்கள். வேறு என்ன பார்க்க வேண்டும்? (பட்டுக்கோட்டை வாசகி)

விசாத் தாளை எடுத்து அது ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று பாருங்கள். மலாக்கா போய்விட்டு சிங்கப்பூர் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை விசாவோடு போனவரை திரும்பும் வழியில் சிங்கப்பூர்ச் சாவடியில் ஜொகூருக்கே அனுப்பிவிடுவார்கள், ஊர் திரும்பும் விமானமும் கையைவிட்டுப் போகும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். விசா வேண்டாம் என்றாலும் மலேசிய மின்வருகை அட்டை (இணையத்தில் நிரப்பும் வருகைப் படிவம்) வேண்டும். நுழைவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கும் அதே போல ஒரு மின்வருகை அட்டை, அதற்கும் 3 நாள் கணக்கு. முதல் தடவை விமானத்தில் இறங்கும்போது நிரப்பியது, மலாக்காவிலிருந்து திரும்பும்போது செல்லாது, புதிதாக ஒன்று நிரப்ப வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். இரண்டு அட்டையும் இலவசம். காசு கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுடையது அல்ல. பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுள் மிச்சம் இருக்கட்டும். ஓட்டல் புக்கிங்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டும் தாளில் அச்சாக இருக்கட்டும், சாவடியில் போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

மலேசியச் சாவடியில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கியதும், வண்டி நகரும் முன் ஒவ்வொன்றிலும் நுழைவு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டால் திரும்பும்போது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

எந்த நாள், எந்த நேரம் கிளம்பினால் நெரிசல் இல்லை? இரண்டு பாலம் இருக்கிறதாமே? (மயிலாடுதுறை வாசகர்)

உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போவது பழைய பாலம், நூறாண்டு தாண்டியது. மேற்கே துவாஸிலிருந்து போவது 1998இல் திறந்த இரண்டாவது பாலம். இரண்டிலிருந்தும் போய்ச் சேருவது ஒரே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைதான். ஜூரோங் பக்கம் தங்கியிருந்தால் யோசிக்காமல் துவாஸ். சாங்கி, பொங்கோல், சிராங்கூன் பக்கமிருந்து உட்லண்ட்ஸ் கிட்டம், ஆனால் கூட்டமான நாளில் சுற்றிப் போனாலும் துவாஸ் சீக்கிரம் விடக்கூடும். 'எந்தப் பாலம் என்பதை அன்றைய நெரிசலைப் பார்த்து முடிவு செய்யலாம், கூடுதல் காசு இல்லை' என்று டிரைவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய், புதன், வியாழன் காலை பத்து மணிக்கு மேல் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மலாக்காவில் இருக்கலாம். வெள்ளி மாலையும் சனிக்கிழமை காலையும் சிங்கப்பூரிலிருந்து வெளியேறும் கூட்டம், ஞாயிறு மாலை திரும்பும் கூட்டம். அந்த நேரங்களில் நாலு மணி நேரப் பயணம் ஆறு ஏழு மணி நேரமாகும். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. 'வெள்ளிக்கிழமைதான் அங்கே லீவு' என்று பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு இப்போது பொருந்தாது. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையான ஜூன், நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் தீபாவளி, சீனப் புத்தாண்டு ஒட்டியும் போவதாக இருந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்புங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். திருச்சியில் ஞாயிறு ராத்திரி ஏறுகிறவர் திங்கள் காலைதான் இறங்குகிறார். வண்டிக்கு ஞாயிறு என்று தேதி கொடுத்துவிட்டு, வந்து பார்த்தால் ஆள் இல்லை என்று தவிக்கிறார்கள். இறங்கும் தேதியும் சிங்கப்பூர் நேரமும் விமான எண்ணும் கொடுங்கள்.

கைக்குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமா? மடியில் வைத்துக்கொள்ளக் கூடாதா? (தஞ்சாவூர் வாசகி)

கூடாது. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் கீழான பிள்ளைகளுக்குத் தகுந்த இருக்கை சட்டப்படி வேண்டும். டாக்சிக்கு விலக்கு உண்டு, தனிவாடகைக் காருக்கு இல்லை. குழந்தையின் வயதும் எடையும் சொல்லி, முன்கூட்டியே கேளுங்கள். பின் இருக்கையில் உட்காரும் பெரியவர்களுக்கும் பெல்ட் கட்டாயம், இரண்டு நாட்டிலும்.

தம்பி சிங்கப்பூரில் சொந்தக் கார் வைத்திருக்கிறான். அதிலேயே போகலாமா? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

தாராளமாக. காசு வாங்காமல் கூட்டிப்போனால் எந்தச் சிக்கலும் இல்லை. மலேசிய வாகன நுழைவு அனுமதி தம்பி காருக்கு இருக்க வேண்டும், 2025 ஜூலை 1 முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும். சுங்கத்துக்கு 'டச் அண்ட் கோ' அட்டையில் பணம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் தம்பிக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது ஒன்று உண்டென்றால் அது அவர் களைப்புதான். வேலை முடித்து வெள்ளி ராத்திரி அவரையே ஓட்டச் சொல்லாதீர்கள்.

மலாக்காவில் நம் நாகப்பட்டினத்துக்குத் தொடர்பான இடங்கள் உண்டா? கார் அங்கெல்லாம் போகுமா? (நாகப்பட்டினம் வாசகர்)

உண்டு, நிறையவே. மலாக்காவை 1511இல் போர்த்துகீசியர் பிடித்தார்கள், 1641இல் டச்சுக்காரர் வசமானது. அதே டச்சுக்காரர் 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்து, பிறகு சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகவே ஆக்கிக்கொண்டார்கள். நூறாண்டுக்கும் மேலாக இரண்டு துறைமுகமும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற ஒரே கம்பெனியின் கணக்கில் இருந்தன. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போன அதே ஆண்டில்தான் மலாக்காவில் பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் எழுந்தது. மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில் அது.

கோயில் இருக்கும் ஜாலான் துக்காங் எமாஸ் என்றால் பொற்கொல்லர் தெரு. அதே தெருத் தொடர்ச்சியில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதற்கடுத்து பதினேழாம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங். கிளிங் என்பது அக்காலத்தில் நம் கரையிலிருந்து போனவர்களுக்கு அங்கே வழங்கிய பெயர். மூன்றையும் நடந்தே அரை மணியில் பார்க்கலாம், ஆற அமரப் பார்த்தால் அரை நாள். மலாக்கா செட்டிகள் என்ற சமூகத்தார் போர்த்துகீசியர் வருமுன் இருந்த சுல்தான் காலத்திலேயே போய்க் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும். அவர்கள் வாழும் கம்போங் செட்டி, காஜா பெராங் பகுதியில் இருக்கிறது. அங்கே நடந்து போவது தூரம், உள்ளூர்க் கார் சொல்லிக்கொள்ளுங்கள். மக்கள் குடியிருக்கும் இடம், வாசலில் நின்று கேட்டுவிட்டுப் படம் எடுப்பதே மரியாதை.

சிவப்பு டச்சுச் சதுக்கத்தில் 1753ஆம் ஆண்டின் கிறிஸ்து தேவாலயம், அதன் பக்கத்தில் டச்சுக்காரர் கட்டிய நகர மண்டபமான ஸ்டாட்ஹூய்ஸ், பின்னால் செயின்ட் பால் குன்று. குன்றுக்குப் படி ஏற வேண்டும், முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே போர்த்துகீசியர் கோட்டையில் மிஞ்சிய வாசலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். மேலே இடிந்த தேவாலயத்துக்குள் சாய்த்து வைத்திருக்கும் டச்சுக் கல்லறைப் பலகைகளைப் பார்த்தால், நாகை, தரங்கம்பாடி வட்டாரத்தில் பழைய கல்லறைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

காருக்கு வருவோம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தப் பழைய நகரத்துத் தெருக்கள் குறுகல், பலவும் ஒருவழி. வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை, வண்டி உள்ளே போக முடியாது. உங்கள் விடுதி அந்தத் தெருவிலோ அதன் சந்திலோ இருந்தால் மாலை நாலு மணிக்குள் போய்ச் சேருங்கள். தாமதமானால் வேன் எங்கே நிறுத்தும், அங்கிருந்து பெட்டியை எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்று விடுதியிடமே முன்னால் கேட்டு, அந்த இடத்தை டிரைவருக்கு அனுப்பிவிடுங்கள். வழியில் மாச்சாப், பாகோ ஓய்வு நிறுத்தங்களில் ஏதாவது ஒன்றில் நிற்கச் சொல்லுங்கள், கழிப்பறையும் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கட்டுச்சோறு கையில் வைத்துக்கொள்வது நிம்மதி.

கட்டுச்சோறு, பொடி, வெற்றிலைப் பெட்டி கொண்டுபோனால் தடுப்பார்களா? (பாபநாசம் வாசகி)

புளியோதரைக்குத் தடை இல்லை. கசகசாவை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது, மசாலாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெல்லும் புகையிலை, சூயிங்கம், மின்சிகரெட் மூன்றும் அங்கே தடை. சிகரெட்டுக்கு ஒன்றுக்குக்கூடச் சுங்க விலக்கு கிடையாது. மலேசியாவிலிருந்து திரும்புகிறவருக்கு மதுவுக்கும் விலக்கு இல்லை. காரில் போனாலும் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள்.

எங்களுக்கு மலாக்காதான் முக்கியம். சிங்கப்பூரில் ஒரு நாள் போதும். எப்படித் திட்டம் போடுவது? (காரைக்கால் வாசகர்)

போன வழியே திரும்பாதீர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் இருக்கிறது. சிங்கப்பூரில் இறங்கி, ஒரு நாள் இருந்து, மறுநாள் காலை காரில் மலாக்கா. இரண்டு ராத்திரி தங்கிவிட்டு, அங்கிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு வேறொரு உள்ளூர்க் கார். சுமார் 140 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், வழியில் எல்லை எதுவும் கிடையாது. எல்லை ஒரே தடவைதான், ஒருமுறை நுழைவு விசாவே போதும், ஞாயிறு மாலைப் பாலத்து வரிசையும் இல்லை. டிக்கெட் இரண்டு தனித்தனியாகப் போட வேண்டும், அதில் கொஞ்சம் கூடினாலும் திரும்பும் காரின் செலவில் மிச்சமாகிவிடும். விமானம் புறப்படுவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் மலாக்காவை விட்டுக் கிளம்புங்கள்.

சிங்கப்பூரையே விட்டுவிடலாம் என்றால் போக வரக் கோலாலம்பூர்தான், எல்லை தாண்டும் கார் என்ற கேள்வியே எழாது.